இன்சாஸை மாற்றியது சரி, தோட்டாவையும் மாற்றியிருக்க வேண்டுமா?

இந்திய ராணுவத்தின் இன்சாஸ் ரைஃபிளைத் திட்டுபவர்கள் அதன் 5.56×45 தோட்டாவையும் (5.56 மி.மீ. விட்டம், 45 மி.மீ. நீளக் கூடு) சேர்த்தே திட்டிவிடுகிறார்கள். துப்பாக்கியின் குற்றம் வேறு, தோட்டாவின் குற்றம் வேறு.

1999 கார்கிலில் வெளிப்பட்ட கோளாறுகளைப் பாருங்கள். குளிரில் பிளாஸ்டிக் மேகசின் (தோட்டா அடைக்கும் பெட்டி) விரிசல் விட்டது. ஒரு அழுத்தலுக்கு மூன்று ரவுண்டோடு நிற்க வேண்டிய பர்ஸ்ட்டில் வைத்தால் நிற்காமல் ஓடியது. சுடுபவர் கண்ணில் எண்ணெய் தெறித்தது. இதில் எதற்கும் காலிபர், அதாவது தோட்டாவின் அளவு, காரணமில்லை. மேகசினின் மேல் விளிம்பு கொஞ்சம் விரிந்தாலே தோட்டா மேலேறும் கோணம் மாறி, அறைவாயில் முட்டி நின்றுவிடும். விரல் நகத்தால் தடவினாலே விரிசல் தெரியும். அப்படிப்பட்ட மேகசினை டேப் சுற்றி ஓட்டக் கூடாது, ஒதுக்கிவிட வேண்டும். எண்ணெயை மெல்லிய பூச்சாகத் தடவினால் போதும். வழிய வழிய ஊற்றினால், பின்னால் வரும் வாயு அதை மேல்மூடியின் இடுக்கு வழியாக முகத்துக்கே அனுப்பும்.

கேஸ் ரெகுலேட்டர் தனிக் கதை. சுடும்போது எழும் வாயுவில் எவ்வளவு துப்பாக்கியின் பொறியை இயக்கப் போகலாம் என்று கட்டுப்படுத்தும் திருகு அது. குழல் முனையில் மாட்டிச் சுடும் ரைஃபிள் கிரனேடுக்காக வாயுவை அடைத்துவிட்டுத் திறக்க மறந்தால், ஒவ்வொரு ரவுண்டுக்கும் இடப்பக்கக் கைப்பிடியை இழுத்தாக வேண்டும். "ரைஃபிள் ஜாம்" என்று வரும் புகார்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். சுட்ட அன்றே கழற்றித் துடைக்காவிட்டால் கார்பன் இறுகி, அப்புறம் அதைத் திருப்புவதே பெரும்பாடு. ஆனால் 4.15 கிலோ எடையும் 5.56-இன் சின்ன உதையும் சேர்ந்தால், புதிதாகச் சேர்ந்தவர் கையில்கூட குண்டுகள் நெருக்கமாக விழும். இந்த நல்ல பெயரை யாரும் அதற்குக் கொடுப்பதில்லை.

தோட்டா மேல் உள்ள நியாயமான புகார் ஒன்றுதான். சுமார் 4 கிராம் எடையுள்ள இந்தக் குண்டு, வேகம் இருக்கும்வரை உடலுக்குள் புரண்டு உடைந்து வேலை செய்யும். 150, 200 மீட்டர் தாண்டி வேகம் இறங்கிவிட்டால் உடையாமல் துளைத்துக்கொண்டு போய்விடும். அடிபட்டவன் திருப்பிச் சுடுவான். காஷ்மீரில் வீரர்கள் ஏ.கே. ரைஃபிளை விரும்பிக் கேட்டதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் உண்டு.

மாற்றாக வந்தவை இரண்டு. 2019-இல் ஒப்பந்தமான சிக் 716, 7.62×51 காலிபர், முதல் தவணையில் 72,400. 2024-இல் மேலும் 73,000. அமேதி பக்கம் கோர்வாவில் தயாராகும் ஏ.கே. 203, 7.62×39 காலிபர், 2021 டிசம்பர் ஒப்பந்தப்படி 6,01,427.

இனி சுமை. ஒரு 5.56 ரவுண்டு சுமார் 12 கிராம், 7.62×39 சுமார் 16.5, 7.62×51 சுமார் 24. 180 ரவுண்டு எடுத்தால், மேகசினைச் சேர்க்காமலே முறையே 2.2, 3, 4.3 கிலோ. மேகசின் எண்ணிக்கையில் ஏ.கே.வுக்கு 6, சிக்குக்கு 9. மலை ஏறும்போது இந்த இரண்டு கிலோ வித்தியாசம் தண்ணீர் பாட்டிலிலிருந்துதான் கழியும்.

சிக் சுமார் 3.8 கிலோதான், குழல் 406 மி.மீ. இன்சாஸுக்கு முன் இருந்த, அதே 7.62×51 சுடும் எஸ்.எல்.ஆர். ரைஃபிளின் குழல் 533 மி.மீ., துப்பாக்கியும் கனம். அதே தோட்டாவைக் குட்டையான, இலேசான ரைஃபிளில் சுட்டால் உதை கூடும், வாய்ச்சுடரும் சத்தமும் கூடும், குண்டின் வேகம் குறையும். ஆனாலும் 400, 500 மீட்டர் தாண்டிய எதிர்ச்சரிவைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் நிலைக்கு இதுதான் சரி. அடர்காட்டிலும் வீட்டுக்கு வீடு தேடும் வேலையிலும் அது வீண் கனம், அங்கே ஏ.கே. 203 போதும். ஏ.கே.வில் 300 மீட்டருக்கு ஜீரோ செய்தால், அதாவது அந்தத் தூரத்தில் குறியும் குண்டும் ஒன்றாகும்படி சரிசெய்தால், நடுவழியில் குண்டு ஓரடிக்குக் கிட்ட மேலே போகும். பாதித் தூரத்தில் தலையைக் குறிவைத்தால் தலைக்கு மேல்தான். இன்சாஸில் பழகிய கண்ணுக்கு இதை மறுபடி கற்றுத்தர வேண்டும்.

பலர் கவனிக்காத இழப்பு, சில வீரர்கள் கொண்ட சிறு அணியான செக்‌ஷனுக்குள் இருக்கிறது. இன்சாஸ் ரைஃபிளும் இன்சாஸ் எல்.எம்.ஜி.யும் (இலகு இயந்திரத் துப்பாக்கி) ஒரே தோட்டா, மேகசினையும் மாற்றிக்கொள்ளலாம். இப்போது நெகெவ் என்.ஜி.7 எல்.எம்.ஜி. 7.62×51 பெல்ட்டில் ஓடுகிறது. பக்கத்தில் சிக் இருந்தால், அவசரத்துக்குப் பெல்ட்டிலிருந்து ரவுண்டைக் கழற்றி மேகசினில் அடைக்கலாம். ஏ.கே. 203 இருந்தால் அதுவும் முடியாது. இரண்டு வகைப் பெட்டி, இரண்டு வகைக் கணக்கு. 5.56 ஆயுதங்களும் இன்னும் கையிருப்பில் இருப்பதால் கிடங்கில் மூன்று.

என் கணக்கில், நல்ல மேகசினும் ஒரு ஆப்டிக்கும் (கண்ணாடி வழியே குறிபார்க்கும் கருவி) இருந்திருந்தால் 5.56-இலேயே பாதிப் புகார் அடங்கியிருக்கும். இன்சாஸின் தகட்டு மூடி ஆடும், அதன் மேல் ஸ்கோப் ஜீரோ நிற்காது. ஏ.கே. 203-இல் மூடி கீலில் பொருந்தி, ஆப்டிக் பூட்டும் ரெயிலோடு வருகிறது. ஆனால் இரும்புக் குறியோடு மட்டும் கொடுத்தால் அந்த ரெயில் வெறும் அலங்காரம். ஆப்டிக் பொருத்தியவர்கள், சுத்தம் செய்து மூடியை மறுபடி பூட்டியதும் 100 மீட்டரில் ஐந்து ரவுண்டு சுட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.