லாவான் பேக்கேஜ்: மொத்த மதிப்பெண் மட்டும் கையில் இருப்பவர்களுக்கு

ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் ஓடும் லாவானை (மாறிகளுக்கு இடையிலான உறவுகளை மாடலாகக் கட்டிக் கணக்கிடும் பேக்கேஜ்) மூன்று வருடமாகக் கிட்டத்தட்ட தினமும் திறக்கிறேன். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஈவ் ரோஸேல் உருவாக்கியது, இலவசம். அதன் எல்லா வசதிகளையும் இங்கே சொல்லப் போவதில்லை, ஒரே ஒரு வேலைக்கு அது எப்படி என்று மட்டும் எழுதுகிறேன்.

வேலை அழுத்தம், தூக்கக் குறைவு பற்றிய ஒரு பழைய சர்வே என்னிடம் வந்தது. எந்தக் கேள்விக்கு யார் என்ன டிக் அடித்தார்கள் என்ற விவரம் இல்லை, ஆளுக்கு இரண்டு கூட்டுத்தொகைகள் மட்டும் எக்ஸெல்லில் இருந்தன. இரண்டுக்கும் ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்பதன் அளவு, அதிகபட்சம் 1) 0.40. ஆனால் அழுத்த அளவுகோலின் நம்பகத்தன்மை (மதிப்பெண்ணின் ஏற்ற இறக்கத்தில் உண்மையின் பங்கு) 0.80, தூக்கத்தினுடையது 0.70, அதாவது இரண்டு மதிப்பெண்ணிலும் பிழை கலந்திருக்கிறது, அந்தக் கலப்படம்தான் உறவைக் குறைத்துக் காட்டுகிறது. உளவியலாளர் ஸ்பியர்மேன் 1904லேயே இதற்குக் கணக்குச் சொல்லிவிட்டார்: 0.80ஐயும் 0.70ஐயும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, அதால் 0.40ஐ வகுத்தால் 0.53 வரும்.

இரண்டே மாறி என்றால் இதைக் கையாலேயே போட்டுவிடலாம். வயது, வருமானம், உடல்நிலை என்று மாடல் பெரிதாகும்போது முடியாது. அதிலும், பிழையுள்ள ஒரு மாறியைக் கட்டுப்பாட்டு மாறியாகச் சேர்த்தால் அதன் தாக்கம் முழுதாக நீங்காது, மிச்சம் பக்கத்து மாறியின் கணக்கில் ஏறிவிடும். அங்கேதான் லாவான் கைகொடுக்கிறது.

ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் இரண்டே வரி. =~ போட்டு மொத்த மதிப்பெண்ணை ஒரு மறைமாறியோடு (நேரடியாக அளக்க முடியாத, பிழை நீங்கிய உண்மை அளவு) இணைக்க வேண்டும், குணகம் 1. அப்புறம் ~~ போட்டு அந்த மதிப்பெண்ணின் பிழை வேரியன்ஸை (பள்ளிக்கூடத்தில் விலக்க வர்க்கச் சராசரி என்று படித்தோமே, அதுதான்) நாமே ஓர் எண்ணாகக் கொடுக்க வேண்டும். என் அழுத்த மதிப்பெண்ணின் வேரியன்ஸ் 25, அதில் பிழையின் பங்கு 1 − 0.80, ஆக 5. இந்த 5ஐ மென்பொருளே கண்டுபிடிக்காதா என்று கேட்பார்கள். ஒரே ஓர் அளவீட்டைக் கொடுத்து இதில் உண்மை எவ்வளவு, பிழை எவ்வளவு என்று கேட்டால் எந்த மென்பொருளாலும் பிரித்துச் சொல்ல முடியாது, வெளியிலிருந்து நாம்தான் சொல்லியாக வேண்டும்.

என் ஒரே மனக்குறை இதுதான். இரண்டு மதிப்பெண்ணுக்கும் அந்த இரண்டாவது வரியை எழுத மறந்தால் லாவான் தானாகவே பிழையை 0 என்று வைத்துக்கொள்ளும். ஆட்டோ.ஃபிக்ஸ்.சிங்கிள் என்ற அமைப்பின் வேலை அது, ஆவணத்திலும் எழுதியிருக்கிறது. ஆனால் மாடல் பிரச்சினை இல்லாமல் ஓடும், மறைமாறி என்ற பெயரும் இருக்கும், எண் மட்டும் பழைய 0.40தான் வரும். முடிவுப் பட்டியலில் வேரியன்ஸ் பகுதியில் 0.000 என்று ஒரு வரி நிற்கும், கவனித்தால் உண்டு. புதிதாக வருபவர்களுக்காக அந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை வந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும்.

நம்பகத்தன்மை இவ்வளவுதானா என்று சந்தேகம் இருந்தால் எண்ணை மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள். தூக்கத்துக்கு 0.80 வைத்தால் 0.50, 0.60 வைத்தால் 0.58. இந்தச் சின்ன மாடலில் எதை வைத்தாலும் பொருத்தக் குறியீடுகள் (மாடல் தரவோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் எண்கள்) அசையாது, எனவே எது சரி என்று அவற்றைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் 0.35 என்று வைத்தால் மட்டும் ஒட்டுறவு 1ஐத் தாண்டிவிடும், அப்போது எச்சரிக்கை வரும். நாம் கொடுத்த 5ஐ லாவான் துல்லியமான எண்ணாகவே எடுத்துக்கொள்வதால், அந்த 5இல் நமக்குள்ள சந்தேகம் திட்டப்பிழையில் (விடை எவ்வளவு முன்பின் ஆகலாம் என்று காட்டும் எண்) சேராது. அதனால் நான் என் ஆய்வுக் கட்டுரையில் ஒரே எண்ணைக் கொடுக்காமல் 0.50, 0.53, 0.58 மூன்றையும் அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டேன்.