வால்கூட்டுக்குள் யார் படுப்பது? அடிக்கும் ரிவெட்டும் இழுக்கும் ரிவெட்டும்

வீட்டில் உலோக விமானம் கட்டுபவருக்கு இறக்கை பெரிய சோதனை இல்லை. மேசைமேல் கிடத்தி இரண்டு பக்கமும் கை நீட்டலாம். உடற்கூடு அப்படியல்ல. வாலை நோக்கிப் போகப் போக ஒடுங்கும் குழாய் அது. தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் உலோக ஆணிதான் ரிவெட். அடித்து இறுக்குவதா, இழுத்து இறுக்குவதா, எந்த ரிவெட் என்ற கேள்வி கடிப்பது அங்கேதான்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் (குடியிருப்பு) வீட்டுக் கார் கூரையின் கீழ், உடற்கூட்டின் வால் பகுதியான வால்கூடு அளவுக்கு ஒரு மாதிரிக் கூட்டைச் செய்து இரண்டையும் பார்த்துவிட்டோம். அண்ணன் செம்பனை ஆலையில் ஃபிட்டர். அடிக்கும் ரிவெட்டில்தான் அவருக்கு நம்பிக்கை.

காரணம் இருக்கிறது. ஆர்வி-7 போன்ற, வீட்டில் கட்டும் வேகமான விமானங்களின் உடல் முழுக்க அந்த வேலைதான். வெளியே ஒருவர் காற்றுத் துப்பாக்கியால் தட்டுவார், உள்ளே ஒருவர் இரும்புக்கட்டியை முட்டுக்கொடுப்பார். 3.2 மில்லிமீட்டர் ரிவெட் என்றால் உள்ளே நசுங்கி உருவாகும் உள்தலை சுமார் 4.8 மில்லிமீட்டர் அகலமும் 1.6 உயரமும் வர வேண்டும். அளவுத் தகட்டை வைத்தால் சரியா தப்பா என்று அங்கேயே தெரியும். வெளித்தலையைத் தகட்டோடு சமமாக உட்கார வைக்கலாம். மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் போகும் விமானத்துக்கு அது வேண்டும்.

ஆனால் உள்ளே படுப்பது யார்? எங்கள் வீட்டில் அண்ணன் மகன்தான் ஒல்லி. காதடைப்பு போட்டு அனுப்பினோம். மதியம் இரண்டு மணிக்கு அந்தத் தகரக் குழாய்க்குள் அரைமணி நேரம்கூடத் தாங்காது. "சித்தப்பா, வியர்வை தகட்டுமேல சொட்டுது" என்றான். எனக்குப் பெரிய கவலை அதுதான், வியர்வை உப்பு அல்லவா, தகட்டை அரிக்கும். அப்புறம் சத்தம். பக்கத்து வீட்டில் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்குபவர் இருக்கும்போது துப்பாக்கியை எடுக்க மனம் வராது.

இழுக்கும் ரிவெட்டுக்கு உள்ளே ஆளே வேண்டாம். வெளியிலிருந்து செருகி, கருவியால் அதன் நடுத்தண்டை இழுத்தால் உள்பக்கம் விரிந்து பிடித்துக்கொள்ளும், தண்டு முறியும். ஜெனித் சிஎச் 701 என்ற, வீட்டில் கட்டும் மெதுவான விமானம் இப்படித்தான் கட்டப்படுகிறது. தலை வெளியே புடைத்திருக்கும். மணிக்கு 130 கிலோமீட்டர் அளவில் பறக்கும் விமானத்துக்கு அது பொருட்டில்லை. குறை வேறு இடத்தில்: மூடிய பகுதியில் உள்பக்கம் எப்படி விரிந்தது என்று கண்ணால் பார்க்க முடியாது. ஆகவே துளை சுத்தமாக, வட்டமாக, பிசிறில்லாமல் இருந்தே ஆக வேண்டும்.

தகட்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆர்வி வகையில் பெரும்பாலும் 2024-டி3, சிஎச் 701-இல் 6061-டி6, இரண்டும் அலுமினியக் கலவைகள். முன்னது வலுவானது, நிரந்தரமாக வளையத் தொடங்கும் அழுத்தம் 345 மெகாபாஸ்கல் அளவு, பின்னதில் 275 அளவு. ஆனால் 2024-இல் செம்பு 4 சதவீதம் போல இருப்பதால் அரிப்பு சீக்கிரம் பிடிக்கும். மேலே பூசிய தூய அலுமினியம் காக்கும்தான். கீறல் விழுந்த இடத்திலும் வெட்டிய விளிம்பிலும் அந்தக் காவல் குறைந்துவிடும். சாயங்காலம் தவறாமல் மழை கொட்டும் நம் ஊரில், திறந்த கூரையின் கீழ் மாதக்கணக்கில் கிடக்கப்போகும் தகடு இது. நான் 6061 பக்கம். எதுவானாலும் தகடுகள் சேரும் இடத்தில் பிரைமர் (அரிப்பைத் தடுக்கும் அடிப்பூச்சு) அடிக்காமல் மூடாதீர்கள்.

ஒன்றின் வரைபடத்தை வைத்துக்கொண்டு மற்றதன் ரிவெட்டைப் போடவும் கூடாது. இடைவெளி, தகட்டுத் தடிமன் எல்லாம் அந்தந்த ரிவெட்டின் வலுவைக் கணக்குப் போட்டு வைத்தவை.

கூடவே நிற்க நிலையான துணையும் வேகத்தில் ஆசையும் இருந்தால் அடிக்கும் முறைக்குப் போங்கள், அழகான வேலை அது. ஞாயிறும் சாயங்காலமும் மட்டும் கையில் உள்ள எங்களுக்கு இழுக்கும் ரிவெட்தான். அண்ணனும் ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. தவறிய ரிவெட்டைத் துளையிட்டு எடுக்கும்போது அதன் வால்துண்டு கூட்டுக்குள் விழும். உருண்டு போய்க் கட்டுப்பாட்டுக் கம்பியில் சிக்கினால் ஆபத்து. அதனால் எடுத்த ஒவ்வொன்றையும் சுவரில் குறித்து வைக்கிறோம். அந்தக் கணக்கும் டப்பாவில் சேர்ந்த துண்டுகளும் ஒத்துப்போன பிறகுதான் கடைசித் தகட்டை மூடுவோம்.