லூபஸில் இன்டர்ஃபெரானை எங்கே தடுப்பது?

வைரஸ் நுழைந்ததும் செல்கள் பக்கத்துச் செல்களுக்கு அனுப்பும் எச்சரிக்கைதான் இன்டர்ஃபெரான். உடலின் எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் நோய் லூபஸ். அது வந்தவர்களில் பெரும்பாலோருக்கு, வைரஸ் எதுவும் இல்லாதபோதும் அந்த மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. ஹெபடைட்டிஸ் சி-க்காக இன்டர்ஃபெரான் ஆல்ஃபாவை ஊசியாகப் போட்டுக்கொண்ட சிலருக்கு லூபஸ் போலவே நோய் கிளம்பியதும் உண்டு. சரி, மணியை எங்கே பிடித்து நிறுத்துவது?

ஆல்ஃபாவையே பிடித்துக் கட்டிப்போடலாம் என்று ரொண்டாலிசுமாப், சிஃபாலிமுமாப் என இரண்டு மருந்துகள் வந்தன. முன்னது இரண்டாம் கட்ட ஆய்விலேயே தோற்றது. பின்னது ஓரளவு பலன் தந்தும் மருந்துக்கடை வரை வரவில்லை. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஆல்ஃபாவிலேயே 12 வகை, அப்புறம் பீட்டா, ஒமேகா என்று பங்காளிகள் வேறு. ஒருவரைப் பிடித்தால் இன்னொருவர் வேலையைப் பார்த்துவிடுவார்.

செல்லுக்குள்ளே போய், இன்டர்ஃபெரானின் சேதியைக் கடத்தும் ஜாக் நொதியைத் தடுக்கும் பாரிசிடினிப் மாத்திரையும் பெரிய ஆய்வுகளில் நிலைக்கவில்லை. ஒன்றில் ஜெயித்து மற்றதில் தோற்றது. 2022-இல் லூபஸுக்கான முயற்சி நின்றுபோனது.

என் ஓட்டு அனிஃப்ரோலுமாபுக்கு. ஆல்ஃபாவோ பீட்டாவோ, இந்த வகை இன்டர்ஃபெரான்கள் எல்லாம் செல்லின் மேலிருக்கும் ஒரே ஏற்பியில்தான் வந்து ஒட்டியாக வேண்டும். இந்த மருந்து அந்த வாசலையே அடைக்கிறது. ஆனாலும் எளிதாக ஜெயிக்கவில்லை. ட்யூலிப்-1 ஆய்வில் மருந்து பெற்றவர்களில் 36 சதவீதம், வெற்று மருந்து (ஒப்பிடுவதற்காகக் கொடுக்கும் போலி மருந்து) பெற்றவர்களில் 40 சதவீதம் பேருக்குப் பலன், அதாவது தோல்வி. அடுத்த ஆய்வான ட்யூலிப்-2-இல் பலனை அளக்கும் அளவுகோலை மாற்றினார்கள், முடிவு வெளிவருவதற்கு முன்பே. அதில் மருந்துக்கு 47.8 சதவீதம், வெற்று மருந்துக்கு 31.5. அளவுகோலை மாற்றியது எனக்கும் உறுத்தியது. ஆனால் தோலைப் பாருங்கள்: தோல் பாதிப்பு அதிகமாக இருந்தவர்களில் 49 சதவீதம் பேருக்கு 12 வாரத்திலேயே அது பாதியாகக் குறைந்தது, வெற்று மருந்தில் 25 சதவீதம். மூக்கின் இரு பக்கமும் வண்ணத்துப்பூச்சி போலப் படர்ந்த சிவப்போடு வெளியே போகத் தயங்குகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. அமெரிக்காவில் 2021-இல் அனுமதி கிடைத்தது. நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அரை மணி நேர டிரிப்.

வாசலை அடைத்ததற்கு விலையும் உண்டு, அக்கி. ட்யூலிப்-2-இல் 7.2 சதவீதம் பேருக்கு வந்தது, எதிர்த்தரப்பில் 1.1. அதனால் அக்கிக்கான தடுப்பூசியைப் பற்றி முன்கூட்டியே டாக்டரிடம் பேசிவிடுவது நல்லது. சிறுநீரகம் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களை இந்த ஆய்வுகளில் சேர்க்கவில்லை என்பதையும் மறக்கக்கூடாது.

இந்தப் போட்டியில் யாரும் பெயர் சொல்லாத ஒன்று, ஹைட்ராக்சிகுளோரோகுயின். இன்டர்ஃபெரான் உற்பத்தியாகும் இடத்திலேயே அதைக் குறைக்கும் மலிவான மாத்திரை. கண் பரிசோதனையோடு பல ஆண்டுகள் சாப்பிடலாம், கர்ப்ப காலத்திலும் தொடரலாம். அனிஃப்ரோலுமாப் ஆய்வுகளிலும் வழக்கமான மருந்துகளின் மேல்தான் டிரிப் ஏற்றினார்கள். ஊசி வந்துவிட்டதே என்று இந்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.