ஸ்கின்னர் அந்துப்பூச்சிப் பொறி: அக்டோபர் மழைக்குத் தாங்குமா?

அந்துப்பூச்சிகளை இரவில் ஒளியால் ஈர்த்து, உயிரோடு பிடித்து, எண்ணிவிட்டு விடுவிக்க இங்கிலாந்துத் தோட்டங்களில் பரவலாகப் புழங்கும் இந்தப் பொறியின் அமைப்பு எளிது. ஒரு மரப்பெட்டி, நடுவில் இடைவெளி விட்டு உள்நோக்கிச் சரியும் இரண்டு பெர்ஸ்பெக்ஸ் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்) தகடுகள், மேலே விளக்கு, உள்ளே பூச்சிகள் ஒண்டிக்கொள்ள முட்டை அட்டைகள். கோடையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மழை தொடங்கினால்தான் வடிவமைப்பின் ஓட்டை தெரிகிறது. பூச்சி வழுக்கி இறங்கும் அதே சரிவில் மழைநீரும் இறங்குகிறது. விடியும்போது அட்டை கூழாகிக் கிடக்கும். தேங்கிய நீரில் இறக்கை ஒட்டிப் பூச்சிகள் செத்துக் கிடக்கும். பூச்சியைக் கொல்வது வானத்து மழையல்ல, வடியாத அடிப்பலகைதான். பல பெட்டிகளை வடிதுளையே இல்லாமல் விற்கிறார்கள். இது மன்னிக்க முடியாத குறை.

அடிப்பலகையின் நான்கு மூலைகளிலும் 8 மி.மீ. துளை போட்டு, உள்பக்கம் நைலான் வலை ஒட்டுங்கள். பெட்டியைச் செங்கல்மேல் ஏற்றி வையுங்கள். அடிப்பலகையிலிருந்து 2 செ.மீ. உயரத்தில் கம்பி வலை விரித்து, அட்டைகளை இரு பக்கச் சுவரோரமாக மட்டும் நிறுத்துங்கள். இடைவெளிக்கு நேர் கீழே எதுவும் வேண்டாம். விளக்குக்கு 30 செ.மீ. மேலே, நான்கு மூங்கில் குச்சிகளில் ஒளி ஊடுருவும் தகடு ஒன்றைக் கட்டலாம். அதற்கும் தாழ்த்தினால் பூச்சி வரும் வழி அடைபடும்.

விளக்கில் 20 வாட் ஆக்டினிக்கே (புற ஊதா ஒளி தரும் குழல் விளக்கு) மழைக்கு ஏற்றது. 125 வாட் பாதரச விளக்கு அதிகம் ஈர்க்கும்; ஆனால் கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த துளி பட்டால் விரிசல்தான். அதற்கு வெப்பம் தாங்கும் பைரெக்ஸ் கண்ணாடிப் பீக்கரைக் கவிழ்த்து மூடவேண்டும். எந்த விளக்கானாலும் அதன் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சோக் கூரைக்குள் இருக்கட்டும், இணைப்பில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிடி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) கட்டாயம்.

தூறலுக்குப் பயந்து பொறியை மூடிவைக்காதீர்கள். மேகமூட்டமும் 10 டிகிரிக்கு மேல் வெப்பமும் உள்ள, காற்றில்லாத இரவுதான் நல்ல இரவு. பலத்த காற்றிலும் தெளிந்த குளிரிலும் பெட்டி காலியாகவே கிடக்கும். ஓக் மரப் பாசியின் பச்சையில் கருங்கோடு தீட்டிய மெர்வேய் டு ஜூர் என்ற அந்துப்பூச்சி இந்தப் பருவத்துக்கே உரியது. அந்த ஒன்றுக்காகவே பொறியை வைக்கலாம்.

காலையில் பூச்சிகளைத் தின்ன ராபின் குருவி வருமுன் பொறியிடம் போய்விடுங்கள். அட்டையை மெதுவாகத் தூக்குங்கள், அடியில் ஹார்னெட் குளவி இருக்கலாம். எண்ணி முடித்ததும் உலர்ந்தவற்றை ஐவிக் கொடிப் புதரின் உட்புறம் விடுங்கள். நனைந்தவை, புது அட்டையில் கொட்டகைக்குள் மாலைவரை இருக்கட்டும்.