இரவில் அணைக்கும் கடைக் கணினிக்கு லாக்பேக்: ஒரு மதிப்புரை

ஜாவா மென்பொருள் தான் செய்வதை நேரத்தோடு ஒரு கோப்பில் குறித்து வைப்பதுதான் லாக். அதை எழுத எந்த நூலகம் (நம் நிரலில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல் தொகுப்பு) நல்லது என்று கேட்டால் நான் லாக்பேக்கைத்தான் சொல்வேன். காசு கிடையாது, வேகம் போதும், எழுதிய வரி எழுதிய இடத்தில் இருக்கும். ஆனால் அதன் இயல்பு அமைப்புகள் இரவு பகலாக ஓடும் சர்வரை மனதில் வைத்துச் செய்தவை. எங்கள் வேலூர்ப் பக்கத்துக் கடைகளில் ஷட்டர் இறங்கும்போதே கணினியும் அணைந்துவிடும். இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் அப்படியே நிறுவினால் நல்ல நூலகமும் பாதிப் பயன்தான் தரும்.

சத்துவாச்சாரியில் இருந்தபடி பில்லிங், ஸ்டாக் மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் தொழில். லாங்கு பஜாரில் ஒரு மொத்த மளிகைக் கடை, மேல்விஷாரத்தில் ஒரு தோல் குடோன், காந்தி ரோட்டில் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் தங்கும் ஒரு லாட்ஜ், இப்படிப்பட்டவர்கள்தான் வாடிக்கையாளர்கள். இவர்கள் யாரும் பிழைச் செய்தியைப் படித்துச் சொல்ல மாட்டார்கள். "ஏதோ இங்கிலீஷ்ல வந்துச்சு, ஓகே குடுத்துட்டேன்" என்பார்கள். அது அவர்கள் தவறு இல்லை; கவுண்டரில் ஆள் நிற்கும்போது யார் படிப்பார்கள்?

குடோன்காரர் ஒரு காலையில் போன் செய்தார். "தம்பி, நேத்து சாயங்காலம் போட்ட சலானக் காணோம். சரக்கு ஆம்பூருக்குப் போயிடுச்சு, கம்ப்யூட்டர்ல இல்ல."

"பாய், லாக் ஃபோல்டர்ல நேத்து தேதி போட்ட கோப்பு இருக்கும். அத மட்டும் வாட்ஸ்அப்ல அனுப்புங்க."

கோப்பில் எல்லாம் இருந்தது. சலான் எண், வெட் ப்ளூ (குரோம் பதனிட்ட ஈரத் தோல்) எத்தனை சதுர அடி, சேமிக்கப் போன நேரம், அடுத்த வரியில் டேட்டாபேஸ் இணைப்பு கிடைக்கவில்லை என்று எரர், அதன் கீழே முழு ஸ்டாக் ட்ரேஸ் (பிழை நிரலின் எந்த வரி வழியாக வந்தது என்ற பட்டியல்). உள்ளே இருந்த நெட்வொர்க் கேபிள் கழன்றிருக்கிறது. லாக்கில் இருந்த விவரத்தை வைத்தே சலானைத் திரும்ப ஏற்றினோம். லாக் நூலகத்தை நான் மதிப்பிடுவது இந்த ஒரு அளவுகோலில்தான்: மறுநாள் போன் வரும்போது பதில் அந்தக் கோப்பில் இருக்க வேண்டும்.

இதன் வரலாறு சுருக்கமாக. பழைய லாக்4ஜே என்ற லாக் நூலகத்தை உருவாக்கிய செகி குல்ச்சுதான் பிறகு எஸ்எல்எஃப்4ஜேயையும் லாக்பேக்கையும் எழுதினார். நம் நிரல் பேசுவது எஸ்எல்எஃப்4ஜே என்ற பொது முகத்தோடு. பின்னால் உண்மையில் எழுதுவது லாக்பேக். லாக்4ஜே 1-க்கு 2015 ஆகஸ்டோடு ஆதரவு முடிந்துவிட்டது. லாக்4ஜே 2 இன்றும் உயிரோடு இருக்கும் நல்ல நூலகம். ஆனால் 2021 டிசம்பரில் வெளியே வந்த அதன் லாக்4ஷெல் என்ற பாதுகாப்பு ஓட்டையை மறக்க முடியாது. லாக்கில் எழுதப்படும் செய்திக்குள் ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் வாசகம் இருந்தால், அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு வெளி சர்வரிலிருந்து நிரலை இழுத்து ஓட்டியது. அபாய மதிப்பு பத்துக்குப் பத்து. பிறகு வந்த பதிப்புகளில் சரிசெய்துவிட்டார்கள். லாக்பேக் செய்திக்குள் அப்படி எதையும் தேடாது. வந்த எழுத்தை எழுத்தாகவே போடும். அதற்கும் அதே மாதம் ஒரு ஓட்டை தெரியவந்தது. ஆனால் அமைப்புக் கோப்பையே மாற்றி எழுதும் உரிமை உள்ளவனால்தான் அதைப் பயன்படுத்த முடியும், அதையும் உடனே அடைத்தார்கள். என் தேர்வுக்கு இது முக்கியக் காரணம்.

சரி, அமைப்புக்கு வருவோம். ஒவ்வொரு லாக் வரிக்கும் ஒரு மட்டம் உண்டு: நுணுக்கமான விவரத்துக்கு டீபக், அதற்கு மேலே சாதாரணத் தகவலுக்கு இன்ஃபோ, அதற்கும் மேலே எச்சரிக்கை, எரர். லாக்பேக் டாட் எக்ஸ்எம்எல் என்ற அமைப்புக் கோப்பு கிளாஸ்பாத்தில் (ஜாவா கோப்புகளைத் தேடும் இடங்களில்) இல்லையென்றால், நூலகம் டீபக் மட்டத்திலிருந்து எல்லாவற்றையும் கமாண்ட் ப்ராம்ப்டின் கருப்புத் திரையில் கொட்டும்; கோப்பில் ஒன்றும் எழுதாது. கடையில் ஐகானை இரண்டு தடவை தட்டித் திறக்கும் மென்பொருளுக்குக் கருப்புத் திரையே கிடையாது, ஆகவே கொட்டியதெல்லாம் காற்றில் போகும். எக்ஸ்எம்எல்லில் தவறு இருந்தாலும் இதே கதி: எச்சரிக்கையை அது திரையில்தான் சொல்லும். அதனால் நிறுவும் அன்று மட்டும் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, அமைப்புக் கோப்பின் கான்ஃபிகரேஷன் டேகில் டீபக் என்பதை (இது லாக் மட்டம் அல்ல, அதே பெயருள்ள வேறு அமைப்பு) ட்ரூ என்று போட்டு ஓட்டிப் பார்த்துவிடுவேன். எந்தக் கோப்பைப் படித்தது, எங்கே எழுதப் போகிறது என்று வரிவரியாகச் சொல்லிவிடும். இந்த வசதி எனக்கு மிகவும் பிடிக்கும்.

மொத்த மென்பொருளுக்கும் பொதுவான ரூட் மட்டத்தை நான் இன்ஃபோவில் வைக்கிறேன். டீபக்கில் விட்டால் ஹிக்காரி மாதிரியான டேட்டாபேஸ் இணைப்பு நூலகம் முப்பது வினாடிக்கு ஒரு தடவை தன் நிலவரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும், தேடுகிற வரி அதில் மூழ்கிவிடும். நம்முடைய பேக்கேஜுக்கு (நாம் எழுதிய நிரல் பகுதிக்கு) மட்டும் டீபக் வேண்டுமானால் அதற்குத் தனி மட்டம் சொல்லும் ஒரு லாகர் வைக்கலாம். அதற்கும் தனியாக அப்பெண்டர் (வரியைக் கோப்பிலோ திரையிலோ எழுதும் பகுதி) இணைத்தால், வரியை ரூட்டுக்கும் அனுப்பும் அடிட்டிவிட்டியை ஃபால்ஸ் ஆக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு வரியும் இரண்டு தடவை விழும்.

கோப்புகளைத் தேதிவாரியாகப் பிரிப்பதில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. ஒரு கோப்பை முடித்து அடுத்ததற்கு மாறுவதை ரோலிங் என்பார்கள். தேதியும் அளவும் பார்த்துப் பிரிக்கும் ரோலிங் பாலிசியை நான் எடுத்துக்கொள்கிறேன். ஒரு கோப்பு பத்து எம்பி, முப்பது நாள் சேமிப்பு, மொத்தம் ஐந்நூறு எம்பிக்கு மேல் போகாது. இந்த மொத்த வரம்பு வேலை செய்ய, எத்தனை நாள் சேமிப்பு என்று சொல்லும் மேக்ஸ்ஹிஸ்டரியும் கொடுத்திருக்க வேண்டும். ஃபைல் டேகைக் கொடுத்தால் இன்றைய கோப்பு ஒரே பெயரில் இருந்து, நாள் மாறியதும் பழைய தேதிக்குப் பெயர் மாற்றப்படும். விண்டோஸில் வேறு ஏதாவது மென்பொருள் அந்தக் கோப்பைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தால் பெயர் மாற்றம் தோற்றுப்போகும். ஆகவே ஃபைல் டேகை எடுத்துவிடுகிறேன். கோப்பு பிறக்கும்போதே அன்றைய தேதியோடு பிறக்கும். கடைக்காரரிடம் போனில் "நேத்து தேதி போட்டது" என்று சொல்லவும் இதுவே சுலபம்.

ஆனால் பழைய கோப்புகளை அழிக்கும் வேலை ரோலிங் நடக்கும்போதுதான் நடக்கிறது. ரோலிங்கும் கடிகாரம் பார்த்துத் தானாக நடப்பதில்லை. நள்ளிரவு தாண்டி முதல் லாக் வரி வரும்போதோ, கோப்பு பத்து எம்பியைத் தாண்டும்போதோதான் நடக்கும். ஃபைல் டேக் இருந்தால் மறுநாள் காலையில் கோப்பின் தேதியைப் பார்த்துச் சுதாரித்துக்கொள்ளும். அதை எடுத்துவிட்டு, கணினியையும் தினம் அணைத்தால், ஒவ்வொரு காலையும் அதற்குப் புது ஆரம்பம். ஒரு நாள் கோப்பு பத்து எம்பியைத் தொடாதவரை ரோலிங் வராது, அழிப்பதும் வராது, டிஸ்க் நிரம்பிக்கொண்டே போகும். இதற்கு க்ளீன்ஹிஸ்டரிஆன்ஸ்டார்ட் என்ற அமைப்பை ட்ரூ ஆக்க வேண்டும். இயல்பில் அது ஃபால்ஸ். ராத்திரி அணைக்கும் கணினிக்கு இந்த ஒரு வரி கட்டாயம். இதே ஏற்பாட்டில் கோப்பைச் சுருக்கச் சொல்லவும் வேண்டாம், சுருக்கும் வேலையும் ரோலிங்கில்தான் நடக்கும்.

அடுத்தது தமிழ். மளிகைக் கடையில் பொருள் பெயரெல்லாம் தமிழில் இருக்கும். வரியைக் கோப்புக்கு ஏற்ப மாற்றும் என்கோடரில், எழுத்துமுறையைக் குறிக்கும் சார்செட்டை யுடிஎஃப்-8 (எல்லா மொழியும் எழுதக்கூடிய முறை) என்று எழுதாவிட்டால் கணினியின் இயல்பு எழுத்துமுறையை எடுத்துக்கொள்ளும். ஜாவா 18-லிருந்துதான் எல்லா இடத்திலும் யுடிஎஃப்-8 இயல்பானது. கடைகளில் இருப்பதோ பெரும்பாலும் ஜாவா 8. துவரம்பருப்பு வெறும் கேள்விக்குறி வரிசையாக வந்து நிற்கும். தமிழில் மென்பொருள் எழுதுகிறவர்கள் முதல் நாளே இதைப் போட்டுவிடுங்கள், பிறகு அந்த எழுத்துகளைத் திரும்பப் பெற வழியே இல்லை.

லாட்ஜுக்கு எம்டிசி (லாக் வரிகளோடு ஒட்டிவைக்கும் கூடுதல் குறிப்பு) மிக உதவியாக இருக்கிறது. இரண்டு வரவேற்பு மேசைகள், ஒரே சர்வர். கோரிக்கை உள்ளே வந்ததும் மேசை எண்ணை எம்டிசியில் போட்டுவிட்டால் அந்தக் கோரிக்கையைக் கவனிக்கும் த்ரெட் (சர்வருக்குள் தனியாக ஓடும் வேலை இழை) எழுதும் ஒவ்வொரு வரியிலும் அது தானாக ஒட்டிக்கொள்ளும். வேலை முடிந்ததும் கட்டாயம் நீக்க வேண்டும், ஏனென்றால் திரும்பத் திரும்பப் பயன்படும் த்ரெட்களின் தொகுப்பான த்ரெட் பூலில் அதே த்ரெட் அடுத்த கோரிக்கைக்குப் போகும்போது பழைய எண்ணும் கூடவே போகும். அங்கே தங்குகிறவர்கள் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சிகிச்சைக்கு வந்தவர்கள். அவர்கள் பெயர், அடையாள அட்டை எண், போன் எண் எதையும் லாக்கில் எழுதக் கூடாது என்பதில் நான் உறுதி. பதிவு எண் போதும். அந்த சர்வர் வெளியே யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுவதால் தேதி வடிவத்தில் ஏசியா/கொல்கத்தா என்று சேர்த்திருக்கிறேன்.

அசிங்க்அப்பெண்டரைக் கடைகளுக்கு நான் சிபாரிசு செய்வதில்லை. அது வேகத்துக்காக வரிகளை முதலில் நினைவகத்தில் வரிசையாக வைத்துப் பிறகு எழுதும். வரிசை எண்பது சதவீதம் நிரம்பினால் இன்ஃபோவையும் அதற்குக் கீழே உள்ளவற்றையும் இயல்பாகவே விட்டுவிடும். கரண்ட் போனால் வரிசையில் இருந்ததும் போச்சு. ஒரு பில் கவுண்டருக்கு அவ்வளவு வேகம் தேவையே இல்லை.

குறை என்று சொன்னால் பதிப்புப் பொருத்தம்தான். 2022-இல் எஸ்எல்எஃப்4ஜே 2.0 வந்ததும் பின்புலத்தைக் கண்டுபிடிக்கும் முறை மாறியது. புது எஸ்எல்எஃப்4ஜேயோடு லாக்பேக் 1.2-ஐ வைத்தால் ப்ரொவைடர் (பின்னால் எழுதும் நூலகம்) இல்லை என்று ஒரு எச்சரிக்கை கொடுத்துவிட்டு அத்தோடு மௌனமாகிவிடும். மென்பொருள் ஓடும், லாக் மட்டும் வராது. இவ்வளவு முக்கியமான விஷயத்தை இன்னும் உரக்கச் சொல்லியிருக்கலாம். ஜாவா 8 உள்ள பழைய கணினிக்கு எஸ்எல்எஃப்4ஜே 2.0 வேண்டுமென்றால் லாக்பேக் 1.3 வரிசை. ஜாவா 11 அல்லது அதற்கு மேல் என்றால் தாராளமாக 1.5-க்குப் போகலாம். ஸ்ப்ரிங் பூட் என்ற ஜாவா கட்டமைப்பைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, பொருந்தும் பதிப்பை அதுவே கொண்டுவந்துவிடும்.