தூதுவளையா, ஆடாதோடையா?

சளிக்கும் இருமலுக்கும் வீட்டிலேயே ஒரு மூலிகை இருக்கட்டும் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் தூதுவளைக்கும் ஆடாதோடைக்கும் இடையில்தான் தயங்குகிறார்கள். இரண்டும் வேலியோரங்களில் தாமாகவே முளைத்து, ஒருமுறை வேரூன்றிவிட்டால் பல ஆண்டுகள் நிற்பவை. கற்பூரவல்லியையும் இந்த வரிசையில் சேர்க்கலாம் என்றாலும், ஒரு கிளையை ஒடித்துத் தொட்டியில் செருகினாலே வந்துவிடும் அச்செடிக்காக யாரும் இடம் பார்த்து யோசிக்க வேண்டியதில்லை.

வளர்ப்பதைப் பொறுத்தவரை ஆடாதோடைக்கே முதலிடம். மூன்று, நான்கு கணுக்கள் உள்ள முற்றிய போத்தை மழைக்காலத்தில் நட்டால் போதும். வேர் பிடித்த பிறகு வறட்சியையும் தாங்கி, ஆள் உயரத்துக்கும் மேலாகப் புதராக எழுந்துவிடும். அதன் கசப்புக்கு ஆடும் மாடும் வாய் வைப்பதில்லை என்பதால், மேய்ச்சல் கால்நடைகள் உலவும் ஊர்களில் அதையே உயிர்வேலியாகவும் வைத்துக்கொள்ளலாம். தூதுவளை அப்படியன்று. சிவந்து பழுத்த பழத்தைப் பிசைந்து விதையெடுத்து, நிழலில் உலர்த்தி விதைக்கலாம்; தண்டை வெட்டியும் நடலாம். ஆனால் அது கொடி என்பதால் பற்றி ஏற வேலியோ பந்தலோ வேண்டும். கோடையில் நீர் குறைந்தால் இலை உதிர்ந்து வெறும் முள்ளாக நிற்கும். கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்ததால் கத்தரிக்கு வரும் புள்ளி வண்டும் மாவுப்பூச்சியும் இதையும் தேடி வரும். கொக்கி போல் வளைந்த அதன் முட்கள் தண்டில் மட்டுமல்லாமல் இலையின் அடி நரம்பிலும் இருப்பதால், குழந்தைகள் ஓடியாடும் நடைபாதையருகே அதை நடுவது நல்லதன்று.

பயன்பாட்டுக்கு வரும்போது கணக்கு தலைகீழாகிறது. "ஆடாதோடைக்குப் பாடாத நாவும் பாடும்" என்ற சொலவடை வெறும் புகழ்ச்சியன்று. அதன் இலையில் உள்ள வாசிசின் என்னும் வேதிப்பொருளை முன்மாதிரியாகக் கொண்டே சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் மருந்து உருவாக்கப்பட்டது. கபசுரக் குடிநீரின் பதினைந்து சரக்குகளுள் ஆடாதோடை உண்டு, தூதுவளை இல்லை. ஆயினும் ஆடாதோடை மருந்தாக மட்டுமே நிற்கிறது. மிளகு தட்டிப் போட்டுக் கஷாயமாக்கித் தேன் கலந்தாலும் அதன் கசப்பு அடங்குவதில்லை. பிள்ளைகள் இரண்டாம் வேளைக்கு வாய் திறப்பதில்லை. கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை அதற்கு உண்டு என்பதால் கருவுற்ற பெண்கள் அதை அறவே தவிர்க்க வேண்டும். இந்த எச்சரிக்கையைச் சொல்லாமலே இலையைப் பறித்துக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது.

தூதுவளையோ உணவுக்குள்ளேயே நுழைந்துவிடுகிறது. முள்ளை ஆய்ந்து, நெய்யில் வதக்கி, மிளகு, சீரகம், பூண்டுடன் அரைத்து ரசம் வைக்கலாம்; உளுந்தும் காய்ந்த மிளகாயும் புளியும் சேர்த்துத் துவையலாக்கலாம்; ஊறவைத்த அரிசியோடு அரைத்துத் தோசையாகவும் வார்க்கலாம். வள்ளலார் அன்றாடம் கொள்ளத்தக்கவையாகக் கரிசலாங்கண்ணியோடு தூதுவளையையும் சேர்த்துச் சொன்னதில் வியப்பில்லை. அதை மருந்து என்று அறிவிக்காமலே இலையில் பரிமாறிவிடலாம் என்பதே அதன் பெரிய பலம். முள் ஆய்வதற்குப் பொறுமை வேண்டும் என்பது உண்மைதான். இளந்தளிராகப் பார்த்துப் பறித்தால் அந்த வேலை பாதியாகக் குறையும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்கு இவ்விரண்டில் எதையும் நம்பிக் காத்திருக்காமல் சளிப் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும்.

ஒன்றுக்குத்தான் இடம் உண்டு என்றால் நான் தூதுவளையையே நடச் சொல்வேன். வலிமையில் குறைந்தது என்றாலும், வாரம் ஒருமுறையாவது அடுப்புக்குப் போவது அதுதான். கொல்லையும் வேலியும் உள்ளவர்கள் கிணற்றடிக்கு அருகில் தூதுவளையையும், தண்ணீர் எட்டாத எல்லையோரத்தில் ஆடாதோடையையும் வைத்துக்கொள்ளட்டும். தூதுவளையில் பூச்சி தென்படும்போது, இயற்கை உழவர்கள் செய்வதுபோல ஆடாதோடை இலையை நொச்சி, வேம்பு இலைகளோடு இடித்து ஊறவைத்து, வடிகட்டித் தெளிக்கலாம். தெளித்த பின் சில நாட்கள் விட்டு, நன்றாகக் கழுவியே அந்த இலையைச் சமைக்க வேண்டும்.