இயேசு சபையும் சலேசிய சபையும்

இயேசு சபையினர் தமிழகத்தில் மொழி வழியாக வந்தார்கள். 1540-இல் திருத்தந்தையின் (போப்பின்) ஒப்புதல் பெற்ற கத்தோலிக்கத் துறவற சபை. 1606-இல் அச்சபையின் குரு தத்துவ போதகர் (ராபர்ட் தெ நொபிலி) மதுரைக்கு வந்து தமிழும் வடமொழியும் கற்றார். 1732-இல் அதே சபையின் வீரமாமுனிவர் சதுரகராதி என்ற தமிழ் அகராதியைத் தந்தார். எ, ஏ இரண்டையும் நாம் குழப்பமின்றி எழுதுவதிலும் அவர் கை இருக்கிறது!

இன்னொரு கத்தோலிக்கத் துறவற சபையான சலேசியர் கதை பட்டறையில் தொடங்குகிறது. 1852-இல் இத்தாலியின் டூரின் நகரில் தொன் போஸ்கோ என்ற குரு, தச்சு பழகும் ஓர் இளைஞனுக்காக முதலாளியோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்: தவறினால் சொல்லால் மட்டுமே திருத்த வேண்டும், தொழிலுக்குப் புறம்பான வேலை வாங்கக் கூடாது, திருநாளில் விடுப்பு. 1859-இல் அவர் நிறுவ, சலேசிய சபை பிறந்தது. 1906-இல் தஞ்சாவூருக்கு வந்தது.

புலமைக்கு இயேசு சபையினரை வணங்குகிறேன். படிப்பு பாதியில் நின்ற பையனுக்கோ, சலேசியரின் தொழிற்பயிற்சிக் கூடத்தைத்தான் முதலில் காட்டுவேன்.